அக்கா குடித்த தண்ணீர்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்காவின் கையைப் பிடித்தபோது, நாள் முழுக்கத் துணி துவைத்தவள் கைபோல விரல்கள் சுருங்கியிருந்தன. கண்கள் குழிக்குள் போய்விட்டன. முந்தின நாள் காலையில்தான் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்க் கம்பெனி பஸ்ஸில் இடம் பிடித்தவள்.

உடன்பிறந்தவள் அல்ல. சிங்காரப்பேட்டைக்காரி. ஓசூரில் வண்டிகளுக்கு வயர் கோக்கும் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தாள். ஹாஸ்டலிலும் பக்கத்துப் படுக்கை. ஒரு மழைக்குப் பிறகு தொட்டித் தண்ணீரில் சாக்கடை வாடை அடித்தது. அக்கா அதை ஒரு சொம்பில் பிடித்துக்கொண்டு வார்டனிடம் போனாள்.

"சார், நீங்க ஒரு வாய் குடிங்க. அப்புறம் நாங்க குடிக்கறோம்."

அவர் சொம்பைத் தொடவில்லை. "புடிக்கலன்னா ஊருக்குப் போயிடும்மா."

வேறு தண்ணீர் இல்லை. குடித்தோம். எங்களில் பலருக்கு வயிற்றால் போயிற்று. அக்காவுக்கோ கஞ்சித் தண்ணீர்போல நிற்காமல் போயிற்று. விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று வார்டன் கேட்டைப் பூட்டினார். குடித்தால் இன்னும் போகும் என்று தண்ணீரையும் தடுத்தார். அவளோ தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாங்கள் கூச்சல் போட்டு, கேட்டைத் திறக்கவைத்து, ஆட்டோவில் ஏற்றுவதற்குள் பேச்சே நின்றுவிட்டது.

காலரா என்றார் டாக்டர். "இந்தக் கிருமி கொடலைக் கடிச்சுத் தின்னாதும்மா. ஒட்டிக்கிட்டு ஒரு நஞ்ச விடும், அவ்ளோதான். அப்புறம் கொடலே ஒடம்புல இருக்கற தண்ணி, உப்பு எல்லாத்தையும் வெளிய கொட்டிடும். உப்பு சக்கரை கலந்து நல்ல தண்ணி குடுத்துக்கிட்டே சீக்கிரம் கூட்டிட்டு வந்திருக்கணும்."

சிறுநீரகம் செயலிழந்து அக்கா இறந்துபோனாள். கிருமியின்மேல் எனக்குக் கோபமில்லை. அதற்குத் தெரிந்ததை அது செய்தது. பொய் சொல்ல அதற்குத் தெரியாது. வார்டனுக்குத் தெரிந்தது. ரோட்டோரம் பானிபூரி தின்றாள் என்று அவள் அம்மாவிடம் சொன்னார். "வெளிய திங்காதடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே" என்று அந்தத் தாய் பிணத்தைத் திட்டித் திட்டி அழுதாள். தண்ணீர்தான் காரணம் என்று நான் சொன்னேன். அந்த அழுகையில் அவள் காதில் அது விழவேயில்லை.

இப்போது நான் வெளியே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். போன வாரம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் வேலைக்குப் புதிது, அதே ஹாஸ்டல். "வெளிய எதுவும் திங்கக்கூடாதாம்க்கா. பானிபூரி தின்னு ஒரு பொண்ணு செத்துட்டாளாமே?"

"இல்லம்மா. ஹாஸ்டல் தண்ணி குடிச்சுச் செத்தா."

அவள் மடியிலிருந்த பாட்டிலைக் குனிந்து பார்த்தாள். பாதி காலியாகியிருந்தது.