பூனைக்கண் நகமும் சித்தியின் ஊக்குகளும்

பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டவுன் பஸ். நாகமலை புதுக்கோட்டையில் ஏறிய கல்லூரிப் பெண் ஒருத்தி, என் மூக்குக்கு நேரே கம்பியைப் பிடித்து நின்றாள். பஸ் திரும்பியது. அவள் நகத்துக்குள் ஒரு வெளிச்சக் கோடு... அதுவும் சேர்ந்து திரும்பியது!

பூனையின் கண்ணுக்குள் நிற்குமே, அதே கோடு. விசாரித்துவிட்டேன். நமக்கென்ன வெட்கம்?

"காந்த நெயில் பாலிஷ்க்கா. உள்ள இரும்புத் தூள் இருக்கும். காயுறதுக்குள்ள மேல காந்தத்தக் காட்டணும். அம்புட்டுத்தான்."

இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கோட்டைவிட்டு, போனிலேயே ஆர்டர் போட்டேன். கருஞ்சிவப்பு. குட்டிக் காந்தம் இலவசம்.

முதல் சோதனை எலி நானே. பத்து நகமும் பாஸ். அடுத்த எலி, பெரியப்பா மகள் கவிதா அக்கா. கொட்டாம்பட்டிப் பக்கம் வீடு. போன ஞாயிறு அவளுக்கு நிச்சயதார்த்தம்.

"சேல மாப்ள வீட்டுல எடுத்தது. ஜாக்கெட் டிசைன் அவுக அம்மா சொன்னது. தலையில எம்புட்டுப் பூன்னுகூட அவுகதான் சொல்லிட்டாக. நகமாவது என் இஷ்டமா இருக்கட்டும்டி" என்றாள்.

இப்படிச் சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா?

ஒன்பது நகங்கள் பிரமாதமாக வந்தன. பத்தாவது, மோதிர விரல். ஈரப் பாலிஷுக்கு மேலே காந்தத்தைப் பிடித்து, மூச்சை அடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன் — சித்தி குனிந்து எட்டிப் பார்த்தார்.

சித்தியின் தாலிச் செயினில் எப்போதும் ஒரு டஜன் ஊக்கு தொங்கும். யாருக்கு எங்கே கிழிந்தாலும் முதலுதவி அங்கேதான். அந்தக் கொத்து மொத்தமும் பாய்ந்து வந்து 'டக்'கென்று காந்தத்தைக் கவ்வியது. காந்தம் இழுபட்டு உரச, கவிதாவின் மோதிர விரல் நகத்தில் குறுக்கே ஒரு வாய்க்கால்!

"நா என்னத்தடி செஞ்சேன்? சும்மா பாக்கத்தான வந்தேன்!"

"சித்தி, ஆடாதீங்க..."

"இழுக்காதடி, செயின் அந்துரும்!"

வாசலில் கார் சத்தம். பசுமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தே விட்டார்கள்.

"பத்தையும் அழிச்சுவிடு. அந்தம்மா பாத்தா ஒரு மாதிரி நெனைக்கும்" என்று சித்தி ரிமூவரைத் தேட ஆரம்பித்தார். கவிதா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

"அழிச்சா நான் சபைக்கே வரமாட்டேன். அந்த ஒண்ண மட்டும் திரும்பப் போடு."

போட்டேன். காந்தம் காட்டினேன். காயத்தான் நேரமில்லை. "விரல் எங்கயும் படாமப் பாத்துக்கக்கா" என்றேன். மோதிரம் மாட்டப் போகிற விரலுக்குச் சொல்கிற புத்திமதியா இது?

மாப்பிள்ளை நல்ல மனிதர்தான்... விரலை மட்டும் பஸ் கம்பியைப் பிடிப்பது போலப் பிடித்தார். மோதிரம் ஏறியது. பாதி பாலிஷ் அவர் கட்டைவிரலுக்கு ஏறியது.

பக்கத்திலேயே அவர் அம்மா. "என்னடா கையில?"

கவிதா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். நான் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தேன். மாப்பிள்ளை கட்டைவிரலை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு கவிதாவைப் பார்த்தார்.

"குங்குமம்மா."

"குங்குமம் இப்படி மினுங்குமாடா?"

"இது புது மாடல்மா."

கவிதா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நிச்சயப் பெண் அப்படிச் சிரிக்கலாமா என்று யாரும் கேட்பதற்குள் போட்டோகிராபர் அமுக்கிவிட்டார். மற்ற போட்டோக்களில் எல்லாம் சேலை தெரிகிறது, பூ தெரிகிறது. அந்த ஒன்றில்தான் கவிதா தெரிகிறாள்.

ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் பார்த்தார்களாம். எனக்கென்னவோ, கூசாமல் சொன்ன அந்த ஒரு பொய்தான் சரியாகப் பொருந்தியது.

நேற்று கவிதா போன் செய்தாள். "ஏய், அந்தக் கோடு எப்படி ஓடுதுன்னு அவருக்குத் தெரியணுமாம். அவரு சுண்டு விரல்ல ஒண்ணே ஒண்ணு போட்டுவிடுவியா?"

வருகிற ஞாயிறு ஊதாவில் முயற்சி செய்யப் போகிறேன். அவர் அம்மாவுக்கு என்ன சொல்வது என்பது மாப்பிள்ளை பாடு!