டிக்கிக்குள் ஒரு ஒல்லி டயர்

வாடகைக் கார் ஓட்டுகிறவன் மானம் நாலு டயரில் ஓடும், அஞ்சாவதை மாட்டும்போது போகும். நடுரோட்டில் ஜாக்கி போட்டு நின்ற சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளை கார்

என் பழைய அம்பாசடரில் அஞ்சு டயரும் ஒரே அளவு. புதுக் காரிலும் அப்படித்தான் என்று நம்பி, ஸ்டெப்னியை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மயிலாடுதுறைக்கு மாப்பிள்ளையை ஏற்றிப் போனபோது பஞ்சர். டிக்கி விரிப்பைத் தூக்கினால், பாதி அகலத்தில் ஒரு நோஞ்சான் டயர்! ஏமாற்றிவிட்டீர்கள் என்று கார் விற்றவரிடம் போனில் கத்தினேன். "அது அவசரத்துக்கு மட்டும்தாங்க. எண்பதுக்கு மேல போகக்கூடாதுன்னு அதுலயே ஒட்டியிருக்கும், பாருங்க" என்றார். ஒட்டியிருந்தது.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அப்பா என் காதருகே குனிந்தார். "தம்பி, பொண்ணு வீட்டுக்காரங்க நிக்கிற பக்கம் அந்த வீல் தெரியாம நிறுத்துங்க."

துபாய்ச் சாமான்

திருச்சி விமான நிலையத்திலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்கு ஒருவர், மூன்று வருஷம் கழித்து ஊர் திரும்புகிறார். வழியில் பஞ்சர். அட்டைப்பெட்டிகளை எல்லாம் ரோட்டோரம் இறக்கி, ஒல்லி டயரை எடுத்து மாட்டினேன். கழற்றிய பெரிய டயரோ ஒல்லி டயர் இருந்த குழிக்குள் இறங்கவே மாட்டேன் என்றது. டிக்கியில் பெட்டிகள், பின் சீட்டிலும் பெட்டிகள். கடைசியில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த அவர் மடியிலேயே சேற்று டயரை வைத்தேன். பாவம், குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் அவர் மனைவி ஓடி வந்து கதவைத் திறந்தார். "மூணு வருஷம் சம்பாரிச்சு இதத்தான் வாங்கியாந்தீங்களா?"

வயல் நடுவில்

வயலுக்குள் எரிவாயுக் குழாய் பதிக்கக்கூடாது என்று கீழ்வேளூர்ப் பக்கம் போராட்டம் நடந்த சமயம். குழாய் அதிகாரி ஒருவரை ஏற்றிப் போனேன். வாய்க்கால் ஓரத்தில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியை மாட்டி ஜாக்கியை இறக்கினால், அந்த டயர் அப்படியே அமுங்கிப் படுத்துவிட்டது. மற்ற டயர்களைப் போல முப்பத்திரண்டு பவுண்டு காற்று வைத்திருந்தேன். அந்த ஒல்லிக்கு அறுபது வேண்டுமாம். டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருந்தது.

அதற்குள் கொடியோடு ஊரே வந்துவிட்டது. அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "என்னை விட்டுட்டு ஓடிடாதீங்க" என்றார். மூணு டயரை வைத்துக்கொண்டு நான் எங்கே ஓடுவது!

முன்னால் வந்த அம்மா, பாதி நட்ட வயலிலிருந்து அப்படியே ஏறி வந்தவர், காரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு திரும்பி, டிராக்டருக்கு அடிக்கும் கால் பம்பைக் கொண்டுவரச் சொன்னார். கோஷம் போட்டவர்களே முறை வைத்து மிதித்தார்கள். டயர் விறைத்து நின்றதும், அவர் கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொன்னார். "காத்து எவ்வளவு வேணும்னாலும் அடிச்சுத் தர்றோம், நல்லபடியாப் போய்ச் சேருங்க. நெலத்த மட்டும் கேக்காதீங்க சார்."

இப்போது உறவில் யார் கார் வாங்கினாலும் என்னைத்தான் அழைத்துப் போகிறார்கள். போனதும் நான் டிக்கிக்குள் தலையை விடுவதைப் பார்த்து, ஷோரூம்காரர்கள் ஏதோ திருட வந்தவன் என்று பக்கத்திலேயே நிற்கிறார்கள்.