நான் சொன்ன நரகம்

எட்டு வருடம் நான் நரகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வார நாட்களில் திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட எங்கள் ஜெபவீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பேர் வருவார்கள். பாஸ்டர் வெளியூர்க் கூட்டங்களுக்குப் போகும் வாரங்களில் செய்தி கொடுப்பது, அதாவது பிரசங்கம் செய்வது, நான்தான். வெல்டிங் பொறி பட்டு வெந்த என் முழங்கையைத் தூக்கிக் காட்டுவேன். இந்த எரிச்சல் ஒரு நாளும் ஆறாது என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். பெண்கள் அழுவார்கள். ஒரு குடிகாரர் முன்னால் வந்து முழங்கால் போட்டார்; ஆறு மாதம் அவர் குடியைத் தொடவில்லை. பயம் வேலை செய்கிறது என்று நம்ப எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சபைக்கு ஒரு அக்கா வருவார். தறி ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் குடும்பத்தில் அவர் மட்டும்தான் ஞானஸ்நானம் எடுத்தவர். புருஷன் குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர், ஆனால் ஒரு நாளும் தடுத்ததில்லை. வாராவாரம் மொபெட்டில் கூட்டி வந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும் வரை கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். ஜெபவீட்டுத் தண்ணீர் மோட்டார் ஒரு தடவை நின்றுபோனபோது கழற்றிச் சரி செய்து கொடுத்ததும் அவர்தான். உள்ளே கூப்பிட்டால் சிரிப்பார்.

"நான் இங்கயே இருக்கறனுங்க. காத்து நல்லா வருது."

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பங்குனி மாதம், தன் வயல்காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்தக் காட்டு ஓரத்திலேயே புதைத்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு அக்கா தனியாக பஸ்ஸில் வந்தார். பாஸ்டர் ஊரில் இல்லை. நான் பேச எடுத்துக்கொண்டது வேதத்தில் வரும் பணக்காரன், ஏழை கதை. பணக்காரன் செத்து அக்கினியில் கிடக்கிறான், நாக்கை நனைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கிறான், கிடைக்கவில்லை. அக்கா மூன்றாவது வரிசையில் இருந்ததை நான் கவனிக்காமல் பேசிவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஒரு சாவு நடந்திருக்கிறது, இந்தச் சூட்டில் சொன்னால் மற்றவர்களுக்கு உறைக்கும் என்று நினைத்தேதான் பேசினேன். வாசல் வரை வந்து, உள்ளே வராமலே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு என்றும் சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார்.

"பிரதர், அவரும் அங்கதான் இருப்பாருங்களா?"

"வேதத்துல அப்படித்தானுங்கக்கா இருக்குது."

"தண்ணி கேட்டா ஒருத்தருமே குடுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கக்கா."

தலையை ஆட்டிக்கொண்டு போனார். அழவில்லை.

அதன் பிறகு நான்கு வாரம் அவர் வரவில்லை. என் மனைவி பார்த்துவிட்டு வரப் போனாள். திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அந்தக்கா தறிக்குப் போறதில்ல. கொடங்கொடமாத் தண்ணி செமந்து அந்தண்ணனப் பொதச்ச எடத்துல ஊத்திட்டிருக்குது. நாக்கு காயுமாம். நீங்க சொன்னதுதான்."

மறுநாள் மத்தியானம் பட்டறையில் சொல்லிவிட்டுப் போனேன். மண்மேடு கரைந்து தரையோடு போயிருந்தது. சுற்றிலும் சேறு. தலைமாட்டில் குனிந்து, படுத்திருப்பவருக்குப் புகட்டுவது போல அக்கா மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் சொன்னது தப்புங்க. அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாதுங்க."

"அன்னைக்குத் தெரியும்னு சொன்னீங்களே."

"பயந்தாத் திருந்துவாங்கன்னு பேசிட்டனுங்க."

"யாரு திருந்தோணும்? அவரு போயிட்டாரு. நான் வந்துட்டுத்தான இருந்தேன்?"

குடத்தை வாங்கப் போனேன். அவர் கொடுக்கவில்லை.

"செத்த நகருங்க பிரதர். இன்னும் ரெண்டு நட தண்ணி எடுக்கோணும்."

வீட்டில் அன்று நான் சாப்பிடவில்லை. என் மனைவி கேட்டாள், "அந்தக் கதையில ஏழை எங்க கெடந்தான்? பணக்காரன் ஊட்டு வாசல்லதான? நம்ம வாசல்ல வாராவாரம் உக்காந்திருந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்திருக்கமா?"

இருபது தடவையாவது அந்தப் பகுதியைப் பிரசங்கித்திருப்பேன். வாசல் என் கண்ணில் பட்டதே இல்லை. இயேசு கடுமையாகப் பேசவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பேசியிருக்கிறார். வயிறு நிறையத் தின்றுவிட்டு வெளியே பார்க்காதவனிடம் சொன்னதை, புருஷனைப் புதைத்து மூன்று வாரமான பெண்ணிடம் நான் சொன்னேன். பயந்து குடியை விட்டவர் மறுபடி குடிக்க ஆரம்பித்ததும், வெட்கப்பட்டுச் சபைப் பக்கமே வராமல் போனதும், அவரைத் தேடி நாங்கள் யாரும் போகாததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். முடிந்ததும் பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பயமில்லீன்னா யாரு தம்பி உள்ள வருவாங்க?"

இனி நான் செய்தி கொடுக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். நான் விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டதாகச் சிலர் பேசிக்கொண்டார்கள். இன்றும் அதே சபைக்குத்தான் போகிறேன். பாஸ்டர் அக்கினியைப் பற்றி ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

அக்காவின் மகள் சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மனநல டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப் போனாள். மாத்திரை ஒரு வருடம் ஓடியது. தண்ணீர் சுமப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நானும் இடையிடையே போய்ப் பார்த்துவந்தேன். ஒருநாள் அவள் எனக்குப் போன் பண்ணினாள்.

"நீங்க இனி வர வேண்டாமுங்கண்ணா. உங்களப் பாத்தா அம்மாவுக்கு மறுபடி ஆரம்பிச்சுக்குது."

நான் போவதில்லை. என் மனைவிதான் மாதம் ஒரு தடவை போய் வருகிறாள். அக்கா திரும்பவும் தறிக்குப் போகிறாராம். போன மாதம், ஜெபம் பண்ணட்டுங்களா அக்கா என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"வேண்டாஞ் சாமி. சும்மா செத்த நேரம் உக்காந்துட்டுப் போ" என்றாராம் அக்கா.

இவளும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.