ஆனந்தவள்ளியின் மாவும் ஆட்டோ ஸ்டாண்டின் பிளெக்ஸும்

பிச்சைமுத்து ஆனந்தவள்ளி. பிறப்பு 1988, லால்குடி. மறைவு 2024, திருவானைக்காவல். பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர். ஷேர் ஆட்டோ ஓட்டும் சுரேஷ்குமாரின் மனைவி. கிருத்திகா, மாதவன் என்னும் இரு பிள்ளைகளின் தாய். விபூதிப் பிராகாரத்தை ஒட்டிய சந்தில், வாடகை வீட்டின் முன்னறையில், ஒன்பது ஆண்டுகள் இட்லி மாவு அரைத்து விற்றவர்.

இவரை அருகிலிருந்து பார்த்தவர், கணவரின் அக்காள் பானுமதி. தன் கணவரைப் பிரிந்து கே.கே. நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துவந்தவர். மகள் கிருத்திகாவுக்கு யார் பெயர் வைப்பது என்று தொடங்கிய சண்டையில் நாத்தனாருக்கும் இவருக்கும் நெடுநாள் பேச்சு நின்றிருந்தது. 2022ஆம் ஆண்டின் இறுதியில், ஆனந்தவள்ளிக்குக் கருப்பைவாயில் தோன்றிய புற்றுநோய் ஈரல்வரை பரவிவிட்டது என்று தில்லை நகரில் மருத்துவர் சொன்ன செய்தி எட்டிய மறுநாள், பானுமதி ஒரு பையோடு வந்து இறங்கினார்.

“வாங்க அண்ணி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றார் ஆனந்தவள்ளி.

“வழியெல்லாம் தெரியும். நீ கூப்பிடட்டும்னு இருந்தேன். அரிசி எங்க ஊற வச்சிருக்க?”

சமாதானம் அவ்வளவுதான். அதன்பின் பானுமதிக்கு எரிச்சல் இல்லாமல் விடிந்த நாள் குறைவு. அரசுக் காப்பீட்டு அட்டை ஊசி மருந்தைப் பார்த்துக்கொண்டது. வெளியில் எடுக்கச் சொன்ன ஸ்கேனையும், குமட்டலுக்கு எழுதிய மாத்திரையையும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் அட்டை பார்த்துக்கொள்ளவில்லை. மருத்துவமனைக்குப் போகும் நாளில் சுரேஷ்குமாரின் ஆட்டோ ஓடாது. உதவித்தொகை தருவதாகச் சொன்ன அறக்கட்டளை ஒன்றுக்குப் பானுமதி போனபோது பொறுப்பாளர் வெளியூரில் இருந்தார். அடுத்த முறை பொறுப்பாளர் இருந்தார், கையெழுத்திட வேண்டியவர் இல்லை. அதற்கும் அடுத்த முறை, அந்த ஆண்டுக்கான நிதி தீர்ந்துவிட்டது என்றார்கள். பார்க்க வந்த உறவினர்களோ ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆளுக்கொரு கை வைத்தியமும் கொண்டுவந்தார்கள்.

“வீட்டுக்காரர் வாடகைக்குப் பதிலா ஹார்லிக்ஸ் வாங்கிக்குவாரான்னு கேட்டுச் சொல்லு தம்பி. பரண் கொள்ளலை” என்றார் பானுமதி, சுரேஷ்குமாரிடம்.

குடும்பத்தை நிற்கவைத்திருந்தது மாவு ஒன்றே. அரைப்பது இயந்திரம்தான். ஆயினும் அரைத்து வழித்தபின் உப்புப் போட்டு, முழங்கை மூழ்கக் கையை விட்டுக் கலந்தால்தான் மாவு பொங்கும் என்பது ஆனந்தவள்ளியின் கட்சி. கரண்டியால் கலந்த மாவு கல்லாகும் என்பார். ஊசி போட்டுக்கொண்டு வந்த நாட்களைத் தவிர மற்ற நாட்களில் அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டதில்லை. நோய் ஒட்டுமா என்று பானுமதி மருத்துவரிடமே கேட்டார். “இது யாருக்கும் ஒட்டாதும்மா. ஊர்ல இருக்கிற சளி காய்ச்சல் இவங்களுக்கு ஒட்டாம பார்த்துக்குங்க” என்று பதில் வந்தது. தெருவில் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்கும்படி அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவுமில்லை.

தெரியவைத்தது ஆட்டோ ஸ்டாண்ட். காதுகுத்துக்கும் பிளெக்ஸ், கருமாதிக்கும் பிளெக்ஸ் என்று வாழும் ஸ்டாண்ட் அது. சுரேஷ்குமாரின் நண்பர் தைரியராஜின் முயற்சியால், 2023 ஆகஸ்டில் ஒருநாள் காலை, கடைத்தெரு முனையில் ஸ்டாண்டருகே ஒன்றும் சந்து முனையில் ஒன்றுமாக ஆனந்தவள்ளியின் பெரிய படங்கள் எழுந்து நின்றன. ஏதோ கல்யாணத்தில் தலைநிறையப் பூவோடு எடுத்த படம். ‘புற்றுநோயால் வாடும் நம் சகோதரிக்கு உதவுவீர்’ என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அச்சடித்தவர் பழக்கதோஷத்தில் ஓரத்தில் ஒரு குத்துவிளக்கையும் இரண்டு புறாக்களையும் சேர்த்திருந்தார்.

முதலில் வந்தவர் லால்குடி உறவினர். பஸ்ஸிலிருந்து விளக்கை மட்டும் பார்த்துவிட்டு, ரோஜா மாலையோடு அழுதுகொண்டே சந்துக்குள் நுழைந்தார். கதவைத் திறந்தவர் ஆனந்தவள்ளி.

“வாங்க மாமா. மாலையை அப்படி வைங்க, இன்னும் நேரமிருக்கு. காப்பி குடிக்கிறீங்களா?”

அன்று வீடு முழுவதும் சிரித்தது. மறுநாள் சிரிப்பில்லை. மாலையில் வழக்கமாகத் தூக்குவாளியோடு வருபவர்களில் பாதிப் பேர் வரவில்லை. அடுத்த நாள் மூவர் மட்டுமே வந்தனர். எதிர்வீட்டு ரெங்கம்மாள் வந்தார், வெறுங்கையோடு. ஒரு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.

“மருந்துக்கு வச்சுக்கம்மா பானு.”

“மாவு எவ்வளவு ஊத்தட்டும்?”

“மாவு இருக்கு வீட்டுல.”

“நேத்தும் இருந்துச்சு, முந்தாநாளும் இருந்துச்சு. அப்படி எங்கேருந்துக்கா வருது?”

“பிள்ளைங்க இருக்கிற வீடும்மா. தப்பா எடுத்துக்காத. மனசு கேக்கலை, அதான் கொடுக்கிறேன்” என்று தாளை மேசைமேல் வைத்துவிட்டு ரெங்கம்மாள் திரும்பிப் பார்க்காமல் போனார்.

இப்படியே பலர் வந்தனர். பிளெக்ஸ் சொன்னபடி எல்லோரும் உதவினார்கள். ஒருவரும் மாவு வாங்கவில்லை. இரக்கத்தில் வந்த பணம் ஒரு வாரத்தில் ஓய்ந்தது, மாவு வியாபாரம் ஓய்ந்தது ஓய்ந்ததாகவே கிடந்தது. விற்காத மாவு புளித்தது. “இன்னைக்கும் தோசையா அத்தை?” என்று மாதவன் தட்டைத் தள்ளினான்.

பானுமதி அரிவாளோடு ஸ்டாண்டுக்குப் போய், பிளெக்ஸின் கட்டுகளை அறுக்கத் தொடங்கினார். தைரியராஜ் ஓடிவந்தார்.

“என்னக்கா, எங்க கைக்காசு போட்டு வச்சது. நல்லதுக்குத்தானே செஞ்சோம்?”

“நல்லதுக்குத்தான்டா. கெட்டதுக்குச் செஞ்சிருந்தா உன்னைத் திட்டிட்டாவது போயிருப்பேன். இப்ப அதுக்கும் வழியில்ல. அந்தப் பக்கத்தைப் பிடி.”

அவர் பிடித்தார். சந்து முனையில் இருந்ததையும் இறக்கி, இரண்டையும் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலிருக்க, கிரைண்டருக்கு உறையாகப் போட்டார்கள். படத்தை இறக்கியாயிற்று. தெரு தெரிந்துகொண்டதை யாரால் இறக்க முடியும்?

கே.கே. நகருக்குக் கொண்டுபோய், பிளெக்ஸைப் பார்க்காதவர்களிடம் விற்கலாம் என்றார் பானுமதி. வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு இரண்டு முறை கிளம்பினார். முதல் முறை போய்ச் சேர்வதற்குள் மாவு பொங்கி வழிந்தது. இரண்டாம் முறை கண்டக்டர் ஏற்றவே மறுத்தார். திரும்பி வந்து வாளியை நங்கென்று வைத்தவரை, ஆனந்தவள்ளி கட்டிலில் இருந்தபடி கூப்பிட்டார்.

“அண்ணி, நாளைக்கு எனக்கு வாசல்ல ஒரு நாற்காலி போடுங்க. நான் அங்க உக்காந்திருக்கேன். நீங்க உள்ள அரைங்க. யாரு கேட்டாலும் நீங்கதான் எல்லாம் பண்றீங்கன்னு சொல்லுங்க.”

“அப்ப உன் கை?”

“என் கை அவங்க கண்ணுக்கு மடியில இருக்கட்டும்.”

“இப்படி ஒரு வியாபாரம் தேவையாடி நமக்கு?”

“எனக்குத் தேவையில்லதான். நான் போனப்புறம் அதுங்களுக்குப் பீஸ் கட்ட யாரு இருக்கா? அவரு ஆட்டோவை நம்பியா? அதுக்குள்ள கடை நின்னுடக் கூடாது அண்ணி.”

மறுநாள் முதல் ஆனந்தவள்ளி மாலைதோறும் வாசலில் அமர்ந்தார். தலையில் ஸ்கார்ப், மடியில் கோத்த கைகள். போவோர் வருவோர் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். சில நாளில் ஒரு வாளி வந்தது, பிறகு இன்னொன்று. ஒரு மாதத்தில் ரெங்கம்மாளும் வந்தார்.

“நீதானே அரைக்கிற பானு?”

“நான்தான்.” அதில் பொய்யில்லை. அரைத்தது பானுமதிதான். ஆனால் மதியம் கதவைச் சாத்தியபின், முழங்கைவரை கழுவிய கையை விட்டுக் கலந்தவர் ஆனந்தவள்ளி. நடுநடுவே மூச்சுவாங்கச் சுவரில் சாய்வார். கொடு என்றால் கொடுக்கமாட்டார்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு மாலையில் ரெங்கம்மாள் வாளியை நீட்டியபடி மனம்விட்டுச் சொன்னார்: “சொல்றேன்னு தப்பா நெனைக்காத வள்ளி. ஒங்க அண்ணி கைக்கு இட்லி பூவாட்டம் வருது. ஒனக்குக்கூட இப்படி வந்ததில்ல.”

நாற்காலியில் இருந்தவர் தலையசைத்தார். “கைராசிக்கா அவங்களுக்கு.”

பானுமதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரெங்கம்மாள் எதிர்வீட்டுக்குள் நுழையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“இப்பவே போய் அவ முகத்துக்கு நேரா சொல்லிட்டு வரேன்.”

“சொன்னா நாளைக்கு நின்னுடும். உள்ள போய் உளுந்தை அலசுங்க.”

பானுமதி உள்ளே போனார். உளுந்தை அன்று அவர் அலசிய வேகத்தில் பாதி வெளியே போயிற்று.

மார்கழியில் ஆனந்தவள்ளிக்கு நாற்காலி ஒத்துவரவில்லை. வாசலுக்கு வருவது நின்றது. மாவுக்கு வருபவர்கள் நலம் விசாரித்துவிட்டு வாங்கிப்போனார்கள். மதிய வேலையை மட்டும் அவர் விடவில்லை. பொங்கலுக்கு முன் கூடுதலாகக் கேட்டிருந்ததால், சுவரோரம் தலையணை வைத்து உட்காரவைத்து, அண்டாவை அவர் பக்கம் நகர்த்திக் கொடுத்தார் பானுமதி. ஆனந்தவள்ளி கடைசியாக உப்புப் போட்டு மாவு கலந்தது 2024 ஜனவரி 13, சனிக்கிழமை.