சுதாசிவமாகிப் போன சதாசிவம் அண்ணை

புதன்கிழமை காலை, வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபோது செய்தி வந்தது. சதாசிவம் அண்ணை போய்விட்டார். சுவிஸில் வில் நகரத்துத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, வின்டர்தூர் நகரில் எங்கள் தமிழ்ப் பாடசாலையின் மாணவர் பதிவுகளை இருபது ஆண்டுகள் கணினியில் காத்தவர். கூடவே அந்த வேலையைச் செய்த எனக்கு அழுகைக்கு முதல் பயம்தான் வந்தது. இனி என்னிடம் யார் கேட்பார், "பிரதி எடுத்தாச்சோ?" என்று?

அவர் பதற்றக்காரர் என்பது பாடசாலையில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாடசாலைக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். பழைய தரவுத்தள மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதென்று முடிவானபோது, "மாத்தினாப் பிறகு பழசிலை திறக்காது" என்று இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். யூ.எஸ்.பி. நினைவுக் குச்சியில் பிரதி எடுத்தது போதாதென்று, எல்லாப் பெயர்களையும் தாளிலும் அச்சடித்தார். நான் சிரித்தேன்.

மாற்றம் நன்றாகவே முடிந்தது. கெடுத்தது நான். அதற்காக வாங்கிய புதிய கணினியில் எங்கள் பழைய தமிழ் எழுத்துரு இல்லாததால், பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. பெயரென்றால் முதல் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்ற ஜெர்மன் பழக்கத்தில், ஒரே கட்டளையில் எல்லாப் பெயர்களின் முதல் எழுத்தையும் பெரிதாக்கினேன். அந்தப் பழைய எழுத்துருவில் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு தமிழ் எழுத்து: சின்ன f என்றால் 'க', பெரிய F என்றால் 'கு'. எழுத்துருவைப் போட்டதும் கவிதா குவிதா ஆனாள், மதன் முதன் ஆனான். குச்சியிலிருந்த பிரதியின் மேலேயே புதியதைச் சேமித்தும் இருந்தேன். மறுநாள் தேர்வு அனுமதி அட்டைகள் அனுப்ப வேண்டும். அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அண்ணை வேலை உடுப்போடு தாள்கட்டைக் கொண்டு வந்தார். ஏசவில்லை. "பிள்ளையள் தங்கட பேரைப் பிழையாப் பாக்கக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார். நான் தட்டினேன். திரையில் ஆரணி என்று இருந்தவள் உண்மையில் ஆரணியா, அரணியா என்று அந்தத் தாளுக்குத்தான் தெரிந்தது. கடைசியில் பாடசாலைப் பணியாளர் பட்டியலில் அவரே சுதாசிவமாக நின்றார். திருத்தப் போன என்னைத் தடுத்தார்.

"என்ர பேரைப் பிறகு பார். நான் எங்கை போகப்போறன்?"

நான் பிறகு பார்க்கவே இல்லை. நேற்று அஞ்சலி அறிவித்தலுக்காகக் கோப்பைத் திறந்தேன். சுதாசிவம் அப்படியே இருந்தார். முதலில் பிரதி எடுத்தேன். அது திறக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் 'சு'வை 'ச' ஆக்கினேன்.

திருத்திய கோப்பு பாடசாலைக்கு. பிழையோடு இருக்கும் பிரதி என்னிடம்.