மலை பேசி முடிக்கட்டும்

மைக் செட் தொழிலில் சத்தம் போடுவது சுலபம். அந்தச் சத்தத்துக்குள் இருக்கும் பேச்சை அடுத்தவர் காதில் இறக்குவதுதான் பிழைப்பு. வகுப்பில் கத்தும் வாத்தியார்களே, ஊர்ப்பெயர் கூவிச் சலித்த கண்டக்டர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

எழுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலையில் மாடுகளுக்குக் கோமாரி பரவிக்கொண்டிருந்தது. நெல்லிவாசல்நாட்டில் மறுநாள் தடுப்பூசி முகாம். மருந்து ஐஸ் பெட்டியில் வரும்; ஐஸ் கரைந்தால் மருந்து வீண். ஊர்களோ மலைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. மாடுகளை ஓட்டிவரச் சொல்லி அறிவிக்க என்னை அனுப்பிய வாணியம்பாடி மைக் செட் கடை பாய் சொன்னார்: "மாடு வர்லேன்னா நீயும் கடைக்கு வராதே."

நாலு குழாய், நாலு மலை

ஜீப் மேல் நாலு ஸ்பீக்கர் குழாய்களை நாலு திசைக்கும் கட்டி, சத்தத்தை முழுசாகத் திறந்தேன். நான் சொன்னதை எதிர்மலை திருப்பிச் சொன்னது. அது முடிவதற்குள் நான் அடுத்ததைச் சொல்ல, பக்கத்து மலை பழையதை எடுத்துக்கொண்டது. எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கூழாகிவிட்டன. நான் சோறு தின்னும்போதுகூட என் 'அன்பார்ந்த' மட்டும் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. நம்பாதவர்கள் போய்க் கேட்கலாம், மிச்சம் கொஞ்சம் இன்னும் அங்கே இருக்கும்.

சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த சின்னக்காளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "கத்துறது நல்லா கேக்குதுங்க. பேசறதுதான் ஒண்ணும் கேக்கல."

கூட்டம் சேர்ந்தது

விடுவேனா? மூன்று குழாய்களைக் கழற்றிப் போட்டேன், சத்தத்தைப் பாதியாக்கினேன், அடுத்த ஊருக்குப் போனேன். ஆனால் நான் தொழில் கற்றது தேர்தல் ஜீப்பில். ஏற்றி, இழுத்து, தடாலென்று இறக்கும் அந்த ராகம் நாக்கை விட்டுப் போகவில்லை. தூரம் போகப் போக வார்த்தைகள் உதிர்ந்துவிடும், ராகம் மட்டும் போய்ச் சேரும் என்று எனக்கு அப்போது தெரியாது.

மலைச்சரிவில் திமுதிமுவென்று ஜனங்கள் இறங்கி வந்தார்கள். ஒரு கன்றுக்குட்டிகூட இல்லை. முன்னால் வந்த ஊர்ப் பெரியவர் பொன்னன் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்: "நாங்க ரெடிங்க. இந்தத் தபா இன்னா சின்னம்?"

மூஞ்சி தெரியணும்

சரி, வந்தவர்களிடமாவது நேராகச் சொல்வோம் என்று மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துப் பேசினேன். காது மந்தமான ஒருவர், தேன் எடுப்பவராம், மாடு கிடையாதாம், இப்படியும் அப்படியும் தலையை நீட்டி என்னையே பார்த்தார். சத்தத்தைக் கூட்டினேன். முகம் சுளித்துப் பின்னால் போனார். மற்றவர்கள் ஓட்டு நாளைக்குத்தான் போல என்று மலையேறிவிட்டார்கள். மைக்கை இறக்கிவிட்டு அவரிடம் வெறும் வாயால் சொன்னேன். பளிச்சென்று தலையாட்டினார்.

"அந்த இரும்ப வாய்கிட்டேர்ந்து எடுப்பா. மூஞ்சி தெரிஞ்சாத்தான் எனக்குக் காது கேக்கும்."

முகாம் நாள்

மறுநாள் பொழுது ஏறியும் முகாமுக்குப் பக்கத்து வீட்டு மாடுகள் ரெண்டுதான் வந்தன. பெட்டியின் அடியில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. மாட்டு டாக்டர் ஒரு சொட்டைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார்.

அப்போது மேலே கொல்லையில் நின்ற சின்னக்காளி, பள்ளத்தில் இருந்த புருஷனைக் கூழ் குடிக்கக் கூப்பிட்டாள். "மாணிக்கோஓஓ!" நிறுத்தினாள். மலை திருப்பிச் சொல்லி முடித்தது. கீழேயிருந்து "ஓஓஓ" என்று பதில் வந்தது. அப்புறம்தான் "கூழூஊஊ." அவ்வளவே. மைக்கும் இல்லை, குழாயும் இல்லை. முதலில் பெயரைச் சொல்லிக் காதை எழுப்பி, மலைக்கு வழி விட்டு, பிறகு ஒற்றை வார்த்தை.

ஓடிப்போய் அவளிடம் ஊருக்கொரு பெயர் கேட்டு வந்தேன். மைக்கையும் அன்பார்ந்த பெருமக்களையும் கைவிட்டேன். "பொன்னோஓஓ!" நிறுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டேன். தூரத்தில், ஊசிமுனை அளவு, "ஓஓஓ!" அப்புறம் "மாடூஊஊ." மலை முடிக்கட்டும். "ஊசீஈஈ." இப்படியே ஒவ்வொரு ஊராக, தொண்டையில் ரத்தம் வருமோ என்கிற வரைக்கும்.

உச்சிப்பொழுதுக்குள் மலையே எழுந்து நடந்து வருவதுபோல மாடுகள் வந்தன. பதில் குரல் கொடுத்தபடியே ஒரு காளை தனியாக வந்து வரிசையில் நின்றது, சத்தியமாகச் சொல்கிறேன். ஐஸ் தீர, மருந்தும் தீர்ந்தது. கடைசி ஜோடியை ஓட்டி வந்த பொன்னன் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "நேத்தே இப்டி மனுசனாட்டம் கூப்ட்டிருக்கலாமில்ல? ஓட்டுப் போடன்னு வேட்டிய தொவச்சிக் காயப்போட்டுட்டு வர்றேன்."

அன்றிலிருந்து எங்கே மைக்கைப் பிடித்தாலும் ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திக் காத்திருக்கிறேன். மலை இல்லாத ஊரில் ஜனங்கள் கரண்ட் போய்விட்டதென்று எழுந்து போய்விடுகிறார்கள்.