குமுதவரியில் கிழிந்த பெயர்

அன்று அக்கா ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? இரண்டு பெண்களுக்குத் தாயான பின்பும் எனக்கு விடை தெரியவில்லை.

புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊர்ச் சிவன் கோயில், சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டியது. கருவறை சோழர் காலத்ததாம். முன்மண்டபம் நாயக்கர் காலத்தில் சேர்த்ததாம். அடித்தளத்தைச் சுற்றி உருண்டையாக ஓடும் கல்வரிக்குக் குமுதம் என்று பெயர். அதில் எழுத்திருப்பதே எங்களுக்குத் தெரியாது. திருவிழாதோறும் பக்தியோடு வெள்ளையடித்து மூடியிருந்தோம்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அதைப் படியெடுக்க ஓர் அதிகாரி பட்டணத்திலிருந்து வந்தார். சுண்ணாம்பைச் சுரண்டி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றுவார். கல்லில் கண்ணுக்குப் புலப்படாத எழுத்து தாளில் தெரியும். உதவிக்கு அக்காவை அழைத்தார். இரண்டே நாளில் அவள் அந்தப் பழைய எழுத்துகளை அடையாளம் சொன்னாள். பெரியவளைச் சேலத்தில் படிக்கவைக்கும்படி அவர் சொல்ல, அப்பா தலையாட்டினார். ஊர்ப் பள்ளியில் முதலாவதாக வருகிறவள் நான். எனக்காக அவர் ஒருநாளும் அப்படித் தலையாட்டியதில்லை.

கடைசி நாள், எல்லோரும் சாப்பிடப் போனபோது, காய்ந்துகொண்டிருந்த தாளின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தேன். தூக்கித்தான் பார்த்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை, இழுத்தேன். ஒரு சாண் கிழிந்தது. அதிகாரியிடம் வேறு தாள் இல்லை; வண்டியும் பூட்டியாகிவிட்டது.

"ஆரு சாமி இதத் தொட்டது?" என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

அக்கா என் விரல்நுனி மையைப் பார்த்தாள். "நாந்தானுங்கப்பா. கை பட்டுருச்சுங்க."

"ஒரு காயிதத்தக் காபந்து பண்ணத் தெரியாதவளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?"

மறுவருஷம் சேலத்துக்குப் போனவள் நான். பெட்டியில் துணி மடித்து வைத்தவள் அக்கா. எனக்கு அது வெற்றியாகவே இருந்தது.

பிறகு அதிகாரியின் கடிதம் வந்தது. தங்கை ஒருத்தி தன் தமக்கையின் நலனுக்காகக் கோயிலில் வைத்த, இரவும் பகலும் அணையாத நந்தாவிளக்கைச் சொல்லும் கல்வெட்டாம் அது. தமக்கையின் பெயர் மட்டும் கிழிசலில் போய்விட்டதாம்; மறுபடி வந்து படியெடுக்க அவருக்கு உத்தரவில்லையாம். ஒரு பெயர் போனால் என்ன என்றுதான் அன்று நினைத்தேன்.

போன வாரம் என் சின்னவள் பெரியவளின் சிலேட்டை உடைத்ததைக் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்குப் பெரியவள், "நாந்தானுங்கம்மா" என்றாள். நான் உடைந்த துண்டுகளை அள்ளிப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அப்படி விட்டது சரியா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். இந்தப் பத்திரிகை படிக்கும், பிள்ளை வளர்த்த சகோதரிகள் எழுதுங்கள்: நான் முதலில் யாரிடம் பேச வேண்டும்? சின்னவளிடமா, பெரியவளிடமா, என் அக்காவிடமா?